பழவேற்காட்டு மீட்சி

டாக்டர் வினோதினிக்கு இதுவரை கிடைத்த பதவி உயர்வுகள் எல்லாமே அவர் ராஜினாமா செய்யப் போன அன்று கிடைத்தவை. இவ்வளவு வேகமாக முன்னேறுவது எப்படி என்று கேட்டுக்கொண்டு இளம் மருத்துவர்கள் அவரிடம் வருகிறார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார். ஆகவே நானே சொல்கிறேன். யாருக்காவது உபயோகப்படலாம்.

சென்னையில் நடுவயது மகளிர் நல ஆய்வு மையம் என்று ஒன்று. ஐந்து மாடி, இரண்டு லிஃப்ட், வாசலில் தாயும் சேயும் சிலை. நடுவயதுப் பெண்ணுக்கு எப்படிச் சிலை வடிப்பது என்று சிற்பிக்குப் பிடிபடவில்லை. தாய் சேய் அவரிடம் தயாராக இருந்தது. மாதவிடாய் நிற்பதைப் பற்றி ஆராய்வதற்கென்றே தொடங்கிய மையம்தான். ஆனால் பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருக்கும் மேடையில் அந்தச் சொல்லை மைக்கில் எப்படிச் சொல்வது? அதற்கு ஒரு பெயரிடல் குழு போட்டார்கள். இரண்டு பேராசிரியர்கள், ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர், கோயில் அதிகாரியாக இருந்தவர் ஒருவர். நால்வரும் ஆண்கள். நானும் ஆண்தான், அவர்கள் பட்ட பாடு எனக்குப் புரிகிறது. ஒன்றரை வருஷம் கூடிக் கூடிப் பேசி, முந்திரிப் பருப்பு தின்று, கடைசியில் 'நிறைவு' என்று பெயர் வைத்தார்கள். அன்றிலிருந்து மையத்தின் பார்வையில் எந்தப் பெண்ணுக்கும் எதுவும் நிற்பதில்லை. எல்லோரும் நிறைவெய்துகிறார்கள்.

மையத்தின் இயக்குநர் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பழவேற்காடு போய், படகில் ஏறிப் பூநாரை பார்த்து, நண்டு வறுவல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார். திங்கட்கிழமை ஆய்வுக்களம் முடிவாகிவிட்டது. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த காரணங்கள் தடிமனான அறிக்கையாக எழுதப்பட்டன. நண்டு அதில் வரவில்லை.

திட்டம் என்னவோ நல்ல திட்டம். ஏரித் தண்ணீரில் மணிக்கணக்காக உட்கார்ந்து கையால் தடவி எறா, அதாவது இறால், பிடிக்கிற பெண்கள், கூடை சுமந்து மீன் விற்கிற பெண்கள், இவர்களுக்கு உடம்பு எப்படி மாறுகிறது என்று யாரும் கேட்டதில்லை. அறுபது பெண்களிடம் மாதம் ஒரு முறை ரத்தம் எடுத்து, ஹார்மோன் ஏறுவதையும் இறங்குவதையும் இரண்டு வருஷம் கவனிக்க வேண்டும். டாக்டர் வினோதினி மனப்பூர்வமாகச் சந்தோஷப்பட்டார். பொன்னேரியில் பிறந்து வளர்ந்தவர் அவர். அவருடைய அம்மா ஒரு காலத்தில் உடம்பெல்லாம் பற்றி எரிகிறது என்று சொல்லி, ஈரத்துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு சமையலறைத் தரையில் படுத்துக் கிடப்பார். வீட்டில் அதற்குத் 'திமிர்' என்று பெயர். அந்தத் திமிருக்கு மருந்து உண்டா என்று தெரிந்துகொள்ளத்தான் மகள் டாக்டருக்கே படித்தாள். இதை வேலைக்கான நேர்காணலில் சொன்னபோது, "தனிப்பட்ட விஷயங்களை ஆய்வோடு கலக்க வேண்டாம்" என்று இயக்குநர் அன்பாகச் சொன்னார்.

அடுத்தது அறநெறிக் குழு. ஆய்வுக்கு வரும் பெண்களுக்கு மதியச் சாப்பாடு கொடுக்கலாமா என்பதில் குழு மூன்று அமர்வுகள் விவாதித்தது. கோழி பிரியாணி கொடுத்தால் அது ஆசை காட்டுவது, தக்காளி சாதம் கொடுத்தால் அப்படி ஆகாது என்று தீர்ப்பாயிற்று. முட்டை விஷயத்தில் இரண்டு உறுப்பினர்கள் எதிர்க் கருத்தைப் பதிவு செய்தார்கள். அடுத்து, பெண்களின் அந்தரங்கம். பெயர் கேட்கக் கூடாது. வயது கேட்பது நாகரிகமில்லை. புகைப்படம் கூடவே கூடாது. ஒவ்வொருவருக்கும் எண் போட்ட ஓர் அட்டை. ரத்தம் எடுக்கும் அறையில் நடுவே ஒரு பச்சைத் திரை. திரையில் ஓர் ஓட்டை. பெண் அந்தப் பக்கம் உட்கார்ந்து ஓட்டை வழியாகக் கையை மட்டும் நீட்ட வேண்டும். டாக்டர் இந்தப் பக்கம் இருந்து ஊசி போட வேண்டும். திரைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பது ஒழுங்கீனம். சோதனையில் என்ன தெரிந்தாலும் அதை அந்தப் பெண்ணிடம் சொல்வது அதைவிடப் பெரிய ஒழுங்கீனம். சொன்னால் அவள் மனம் மாறும், மனம் மாறினால் ஹார்மோன் மாறும், ஆய்வு கெடும்.

"நோயாளிகிட்ட நோயைச் சொல்லக் கூடாதா சார்?" என்று வினோதினி கேட்டார்.

"அவங்க நோயாளி இல்லை டாக்டர். பங்கேற்பாளர்" என்றார் குழுத் தலைவர்.

ஏரிக்கரையில் வடக்குமேட்டுக் குப்பம் என்ற ஊரில் கூட்டம் போட்டு விளக்கினார்கள். ஊர்த்தலைவர் பச்சைமுத்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"எத்தினி பேரு வோணும்மா?"

"அறுபது பேர்."

"எங்க ஊர்ல தலைக்கட்டு எரநூத்துக்கு மேல கீதே. அறுவது ஊட்டுக்குக் குடுத்து மத்த ஊட்டுக்கு இல்லைன்னா நாளைக்குச் சண்டை வருமே?"

"அதுக்கு மேல எடுக்க முடியாதுங்க. அட்டை அறுபதுதான்."

பச்சைமுத்து தாடையைத் தடவிக்கொண்டு ஏரியைப் பார்த்தார். பிறகு முகம் தெளிந்தது. "சரி. நீ போம்மா. சண்டை வராம நாங்க பாத்துக்கிறோம்."

புரிந்துகொள்கிற தலைவர் கிடைத்தாரே என்று டாக்டர் வினோதினி நிம்மதியாக பஸ் ஏறினார்.

புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் திரை கட்டி வேலை ஆரம்பமானது. மாதாமாதம் ஓட்டை வழியாகக் கைகள் வந்தன. நண்டு கடித்த தழும்புள்ள கை, உப்புத் தண்ணீரில் ஊறி வெடித்த கை. ஒரு மாதம் பதினேழாம் எண்ணில் சுருங்கிய கை வந்தது. அடுத்த மாதம் அதே பதினேழாம் எண்ணில் மருதாணி போட்ட கை வந்தது. அதற்கடுத்த மாதம் மறுபடி சுருங்கியது. வினோதினி இதைக் குறிப்பெழுதி அனுப்பினார். 'ஆய்வாளர் பங்கேற்பாளரின் கையை உற்றுப் பார்ப்பது தவிர்க்கப்பட வேண்டும்' என்று பதில் வந்தது.

பரிசோதனை முடிவுகள் வர வர மையத்தில் பரபரப்பு. நிறைவெய்திய பெண்களின் ஹார்மோன் மறு மாதம் இருபத்தைந்து வயதுப் பெண்ணுடையது போல் இருந்தது. பிறகு மறுபடி நிறைவு. பிறகு மறுபடி இளமை. பதினேழாம் எண் ஒரு படி மேலே போய் ஒரு மாதம் கர்ப்பமாகவே இருந்தது. அடுத்த மாதம் இல்லை.

இயக்குநர் அன்று லிஃப்டுக்குக் காத்திருக்காமல் ஐந்து மாடியும் ஏறி வந்தார். "வினோதினி! உலகத்தில் எங்கேயும் நடக்காதது நம் ஏரியில் நடக்கிறது. மாதவிடாய்..." சுற்றும் முற்றும் பார்த்தார். "நிறைவு திரும்பிப் போகிறது!"

பெயரிடல் குழு அவசரமாகக் கூடியது. இந்த முறை ஒரே அமர்வு. 'பழவேற்காட்டு மீட்சி' என்று பெயர் பிறந்தது. ஏரித் தண்ணீரின் உப்பா, எறாவின் ஓடா, காற்றா என்று மூன்று துணைக்குழுக்கள். எறா ஓட்டைப் பொடியாக்கி மாத்திரை செய்ய ஒருவர் முன்வந்தார். எங்கிருந்தெல்லாமோ அழைப்பு வந்தது. இயக்குநர் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொண்டார்.

வினோதினிக்குத் தூக்கம் போயிற்று. அடுத்த மாதம் பதினேழாம் எண் கை வந்ததும், ஊசியைக் கீழே வைத்துவிட்டு, ஒழுங்கீனமாகத் திரையை விலக்கினார். அந்தப் பக்கம் ஒரு சின்னப் பெண், மடியில் கைக்குழந்தை பால் குடித்துக்கொண்டிருக்க, வலது கையை மட்டும் ஓட்டையில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீ யாரும்மா?"

"பதினேழு" என்றாள் அவள், அட்டையைக் காட்டி.

டாக்டர் நேரே பச்சைமுத்துவிடம் ஓடினார். அவர் வலைக்கு ஈயக் குண்டு கட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஒரே எண்ணுக்கு வேற வேற பொம்பளைங்க வர்றாங்க!"

"ஆமா. பாடு வெச்சிருக்கோம் இல்ல?"

"என்ன பாடு?"

பச்சைமுத்து, படித்தவர்களிடம் பேசும்போது வரும் பொறுமையோடு சொன்னார். "ஏரில இன்னா பண்றோம்? நல்ல எடத்துல ஒரே ஆளு தெனம் வலை போட்டா மத்தவன் சும்மா இருப்பானா? அதான் பாடு. இன்னிக்கு இந்தத் தலைக்கட்டு, நாளைக்கு அடுத்த தலைக்கட்டு. சீட்டுப் போட்டு மொறை வெச்சி, எங்க தாத்தன் காலத்துலேர்ந்து நடக்குது. உன் அட்டையும் அதே மாரிதான். இந்த மாசம் ஒரு ஊடு, அடுத்த மாசம் வேற ஊடு. அந்த ஊட்ல எந்தப் பொம்பளைக்குக் கை ஓய்வோ அவ வருவா. ஒரு சண்ட கெடையாது, ஒரு சச்சரவு கெடையாது. அந்தத் தக்காளி சோறுதான் நல்லால்ல."

"ஐயா, ஒரே பொம்பளதான் மாசாமாசம் வரணும்!"

பச்சைமுத்து கை வேலையை நிறுத்தினார். அவர் முகத்தில் வருத்தம். "அநியாயம் பேசறியேம்மா. ஒரே பொம்பள எத்தினி தபா ரத்தம் குடுப்பா?"

வினோதினி அன்றே ராஜினாமாக் கடிதம் எழுதிக்கொண்டு இயக்குநரைப் பார்த்தார். மீட்சியும் இல்லை, மண்ணும் இல்லை, வெவ்வேறு பெண்களின் ரத்தத்தைத்தான் வரிசையாக அளந்திருக்கிறோம் என்றார். இயக்குநர் கோபப்படவில்லை. நாற்காலியில் சாய்ந்து, விரல்களைக் கோத்துக்கொண்டார்.

"நீங்கள் சொல்வது உண்மையாக இருக்கலாம். ஆனால் யோசியுங்கள். உண்மை ஒரே பிற்பகலில் தெரிந்துவிட்டது. ஆய்வுக்கு ஒரு வருஷம் உழைத்திருக்கிறோம். ஒரு பிற்பகலுக்காக ஒரு வருஷத்தைத் தூக்கிப் போடுவது விஞ்ஞானத்துக்குச் செய்யும் மரியாதையா? தவிர, பெண்கள் மாறினார்கள் என்கிறீர்கள். அவர்கள் யார் யார் என்று நமக்குத் தெரியாது. அறநெறிக் குழுவே தெரியக் கூடாது என்றிருக்கிறது. தெரியாத ஒருவர் மாறிவிட்டார் என்று எப்படி நிரூபிப்பீர்கள்?"

வினோதினியால் நிரூபிக்க முடியவில்லை. இவ்வளவு கூர்மையாகக் களத்தைக் கவனிப்பவரை இழக்க மையம் தயாராக இல்லை என்று சொல்லி, அவரைக் களத் தலைவராக்கினார்கள். சால்வையும் போட்டார்கள்.

இது வரைக்கும் சிரித்துவிட்டுப் போகலாம். நானும் சிரித்தவன்தான்.

அதற்குப் பிறகு ஒரு நாள், திரை ஓட்டையில் வந்த கை, ஊசிக்கு நீட்டாமல் டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"டாக்டரம்மா, காதைக் குடு. நான் தனக்கோடி. எறா விக்கறேனே, சந்துல கடைசி ஊடு. எனக்கு நின்னுபோய் ஆறு வருசம் ஆச்சி. இப்ப மெய்யாலுமே வந்துடுச்சி. நாலு மாசமா நிக்கல."

நின்று ஒரு வருஷம் கழித்து ரத்தம் வந்தாலே உடனே பார்க்க வேண்டும் என்பது முதல் வருஷ மாணவிக்குக்கூடத் தெரியும். கர்ப்பப்பையில் புற்றாக இருக்கலாம். சீக்கிரம் பார்த்தால் பிழைக்க வைக்கலாம். திரையை விலக்கினார். ஐம்பத்தேழு வயதுப் பெண், வெளுத்த உதடு, கண்ணில் வெட்கமும் பயமும்.

"வலி இருக்கா அக்கா?"

"இடுப்புல குத்துது. எறாக்கூடை தூக்கறதாலன்னு நெனச்சேன்."

அன்று மாலையே வினோதினி இயக்குநரிடம் போனார். உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும், சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். இயக்குநர் எழுந்தே நின்றுவிட்டார். கண் கலங்கியிருந்தது.

"வினோதினி, இதுவரை நம்மிடம் ரத்தப் பரிசோதனைதான் இருந்தது. இப்போது ரத்தமே வந்துவிட்டது!"

"சார், அது கேன்சரா இருக்கலாம்."

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மீட்சியாகவும் இருக்கலாம். பரிசோதனை செய்தால் ஒன்றுதான் மிஞ்சும். செய்யாத வரை இரண்டும் இருக்கிறது. மேலும் பங்கேற்பாளருக்கு நாமே வைத்தியம் பார்த்தால் அது ஆய்வில் தலையீடு. நீங்களே களத் தலைவர், உங்களுக்குத் தெரியாததா?"

அடுத்த மாதம் புயல் கட்டடத்தின் முன் பந்தல் போட்டு விழா. 'மீட்சி மகளிர்' என்று பேனர். பூநாரைப் படம். தனக்கோடியை முன்வரிசையில் உட்காரவைத்து மாலை போட்டார்கள். பெரிய மனிதர் ஒருவர் குத்துவிளக்கேற்றி, சட்டம் போட்ட சான்றிதழைக் கொடுத்தார். 'இவர் முழு மீட்சி பெற்று நலமாக உள்ளார்' என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. மைக் இயக்குநரிடம் வந்தது.

"பெண்களின் உடம்பைப் பற்றி விஞ்ஞானம் அக்கறை காட்டவில்லை என்று சிலர் பேசுகிறார்கள். இது அபாண்டம். அக்கறை காட்ட இதுவரை சந்தர்ப்பம் அமையவில்லை, அவ்வளவுதான். இன்று அமைந்திருக்கிறது. தனக்கோடி அம்மையாரின் ஒவ்வொரு துளியும் இந்த மையத்தின் வளர்ச்சி! பொறாமைக்காரர்கள் இதை நோய் என்பார்கள். பயமுறுத்துவார்கள். நீங்கள் நம்பக் கூடாது. நோய் என்றால் நாங்கள் மாலை போடுவோமா?"

கைதட்டல். தனக்கோடி நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்தால் புடவை நனைந்திருப்பது தெரிந்துவிடும் என்று விழா முடியும்வரை எழவில்லை. நாட்டுப் பண்ணுக்கும் எழவில்லை என்று பின்னால் ஒரு புகார் வந்தது.

வினோதினி இரண்டாவது ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்தார். துணை இயக்குநரானார்.

மையத்தோடு ஒப்பந்தம் போட்ட ஆஸ்பத்திரி ஒன்று குப்பத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒழுங்கீனத்துக்கு அஞ்சுகிற கட்டத்தைத் தாண்டிவிட்டிருந்த வினோதினி, தனக்கோடியை அங்கே அனுப்பிவைத்தார். பதிவு செய்யும் இடத்தில் சான்றிதழைக் காட்டியதும் எல்லாரும் மரியாதையாக எழுந்தார்கள். "இவ்ளோ பெரிய டாக்டருங்க நலமா இருக்கீங்கன்னு எழுதிக் குடுத்திருக்காங்க, நாங்க நோவுன்னு எப்பிடிம்மா எழுதறது?" என்றார் ஒருவர். மாதவிடாய் வருகிற பெண் என்பதால் நடுவயதுப் பிரிவில் சேர்க்க முடியாது என்றும் தெரியவந்தது. கடைசியில் குடும்பக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பெண் சுவரில் படம் காட்டி, அடுத்த குழந்தைக்கு மூன்று வருஷம் இடைவெளி விடச் சொன்னாள்.

"எம் பேத்தி பத்தாவது படிக்கிறா கண்ணு" என்றாள் தனக்கோடி.

"அப்ப நல்ல இடைவெளிதான்" என்று அந்தப் பெண் குறித்துக்கொண்டாள்.

அப்படியே இன்னும் நாலு மாதம் போயிற்று. சதை எடுத்துச் சோதிக்க வினோதினி மையத்தில் அனுமதி கேட்டு மனுப் போட்டார். மனுவைப் பரிசீலிக்கும் குழுவுக்குத் துணை இயக்குநர்தான் தலைவர், அதாவது அவரே. ஆனால் தன் மனுவைத் தானே பரிசீலிப்பது அறமில்லை என்று தள்ளிவைக்கப்பட்டது. கடைசியில் யாரையும் கேட்காமல் பொன்னேரியில் தோழி ஒருத்தியின் கிளினிக்கில் தனக்கோடியைப் படுக்கவைத்துத் தானே சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். வரக் கூடாது என்று நினைத்ததுதான் வந்தது. சென்னையில் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் காட்டினார். அங்கிருந்த டாக்டர் படங்களை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஆறு மாசம் முன்னாடி கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்று வினோதினியைக் கேட்டார். எல்லாரும் கேட்பதுதான். வலி குறைய மட்டும் வைத்தியம் செய்யலாம் என்றார்.

திரும்பும்போது கும்மிடிப்பூண்டி ரயில். ஜன்னலோரம் தனக்கோடி. எதிரில் வினோதினி. எண்ணூர் தாண்டியதும் தனக்கோடி கேட்டாள்.

"இன்னா சொன்னாரு?"

"இப்ப நிலைமை வந்து அக்கா, கொஞ்சம் பரவியிருக்கு, அதனால அடுத்த கட்ட அணுகுமுறை..."

"நெலம கெடக்கட்டும். நான் இருப்பனா?"

டாக்டர் வினோதினிக்குப் படிப்பு, பதவி, சால்வைகள் எல்லாம் இருந்தன. ரயிலில் எதுவும் உதவவில்லை. "ரொம்ப நாள் இல்ல அக்கா" என்றார்.

தனக்கோடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். உப்பளம் ஓடியது.

"மொதல்லியே ஒருத்தரும் சொல்லலியே."

"நான் சொன்னேன் அக்கா. அன்னிக்கே சொன்னேன்."

"யார்கிட்ட?"

"இயக்குநர்கிட்ட. குழுவுல. எழுதியும் குடுத்தேன்."

"எங்கிட்ட சொல்லலியே."

வினோதினி குனிந்துகொண்டார். எதிர் சீட்டிலிருந்த பூக்காரி திரும்பிப் பார்த்தாள்.

"அழுவாத. ரயில்ல எல்லாரும் பாக்கறாங்க. எதோ ஊட்ல மருமவள அடிச்சி இட்டுனு வந்தேன்னு நெனச்சிப்பாங்க." தனக்கோடி முந்தானையை எடுத்து டாக்டரின் மடியில் போட்டாள், துடைத்துக்கொள்ளச் சொல்லி. "தா பாரு. பக்கத்தூட்டு லோகாம்பா. அவளுக்கும் மூணு மாசமா ரத்தம் படுதாம். பெருமையா சொல்லிக்கினு திரியறா. நான் போய் ஆஸ்பத்திரிக்கிப் போடின்னா, எனுக்குப் பொறாமயாம். மால போட்டது எனுக்கு மட்டும்தான் நெலைக்கணும்னு நெனைக்கிறனாம். நீ சொல்லு. எம் பேரச் சொல்லியே சொல்லு. எனுக்கு இன்னான்னு ஒடச்சிச் சொல்லு. அவளாவது பொழச்சிப் போவட்டும்."

மறுநாள் காலை வினோதினி பழவேற்காடு பஸ் நிலையத்தில் இறங்கி, வழக்கமாக அவரைக் குப்பத்துக்குக் கொண்டுவிடும் ஜலீலின் ஆட்டோவில் ஏறினார். மூன்றாவது ராஜினாமாக் கடிதத்தை முந்தின இரவே அனுப்பியிருந்தார். வழியிலேயே இயக்குநரின் செய்தி போனில் வந்தது: புதிதாகத் தொடங்கும் மீட்சித் துறைக்குத் தலைவராக அவரே நியமனம், வாழ்த்துகள், இன்றைக்குக் குப்பத்தில் இரண்டாம் விழாவுக்கு ஒத்திகை, மேற்பார்வை செய்யவும்.

"இன்னாம்மா, நல்ல சேதியா?" என்றார் ஜலீல் கண்ணாடியில் பார்த்து.

"பதவி உயர்வு பாய்."

"மாஷா அல்லா. மூஞ்சி ஏன் இப்டி கீது?"

லோகாம்பாள் வீட்டு வாசலில் மீன் காய வைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்திரண்டு வயது, கணீரென்ற குரல். டாக்டரைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

"வா டாக்டரம்மா! எம் பேரு லிஸ்ட்ல கீதா? சான்றிதழுக்குச் சட்டம் கண்ணாடிலயா, பிளாஸ்டிக்லயா? தனக்கோடிக்குக் கண்ணாடி குடுத்தாங்க."

"லோகாம்பா, உள்ள வா. ஒரு விஷயம் சொல்லணும்."

வினோதினி சொன்னார். குழு, ஆய்வு, நிறைவு, மீட்சி எதுவும் இல்லாமல் சொன்னார். தனக்கோடிக்குப் புற்று. கர்ப்பப்பையில் ஆரம்பிச்சு மூத்திரப்பை வரைக்கும் போயிடுச்சு. பிழைக்க மாட்டாங்க. ரத்தம் வந்த அன்னிக்கே பார்த்திருந்தா பிழைச்சிருப்பாங்க. உனக்கு வர்றதும் அதுவா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இன்னைக்கே வா.

வாசலில் காக்கை ஒன்று வந்து காய்கிற மீனை இழுத்துக்கொண்டு போனது. லோகாம்பாள் விரட்டவில்லை.

"அக்காவே சொல்லச் சொன்னிச்சா?"

"அவங்கதான் சொல்லச் சொன்னாங்க."

"நான் அதும் மூஞ்சிமேல கதவச் சாத்தினேன் டாக்டரம்மா." எழுந்தாள். "இரு. வேற பொடவ கட்டிக்கினு வரேன்."

இருவரும் ஆட்டோவில் ஏறினார்கள். வினோதினி கொஞ்ச தூரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒருத்தியாவது என்று நினைத்தார். அப்படி நினைத்து முடிக்கும் முன் புயல் கட்டடம் வந்துவிட்டது.

வாசலில் ஒத்திகை. முப்பது பெண்களுக்கு மேல் வரிசையில் நின்றிருந்தார்கள். மையத்திலிருந்து வந்த ஒரு பெண், எப்படிக் கும்பிட வேண்டும், மாலைக்கு எந்தப் பக்கம் தலை சாய்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். லோகாம்பாள் தலையை வெளியே நீட்டினாள்.

"அதோ பச்சப் பொடவ. அவுளுக்கும் ரெண்டு மாசமா படுதாம். அவ பக்கத்துல சோடாப்புட்டிக் கண்ணாடி. அவுளுக்கும்."

"நிஜமாவா?"

"யாருக்குத் தெரியும்? மாலைக்காவச் சொல்றவளும் கீறா." லோகாம்பாள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். "எனுக்கே மொத மாசம் பொய்தான் டாக்டரம்மா. அப்பறமாத்தான் மெய்யா வந்திச்சி."

"பாய், நிறுத்துங்க."

வினோதினி இறங்கிப் போய் வரிசையின் முன்னால் நின்றார். மீட்சித் துறைத் தலைவர் வந்ததைப் பார்த்து ஒத்திகைப் பெண் விலகிக் கைதட்டினாள். பெண்களும் தட்டினார்கள்.

"யாருக்கெல்லாம் ரத்தம் போகுது?" என்று கேட்டார் வினோதினி.

எல்லாக் கைகளும் எழுந்தன. பின்வரிசையில் சிலர் குதிகாலில் எம்பித் தூக்கினார்கள்.

"இது பரிசுக்குக் கேக்கல. இது நோவு. தனக்கோடி அக்காவுக்குப் புத்து. சாகப் போறாங்க. உங்கள்ல யாருக்கு நிஜமா வந்திருக்கோ அவங்க மட்டும் தூக்குங்க. உடனே பாக்கணும்."

கைகள் அப்படியே இருந்தன. ஒருத்தியை ஒருத்தி கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். முதலில் இறக்குகிறவள் பொய்க்காரி. நடுவிலிருந்து ஒரு குரல், "பயமுறுத்துவாங்கன்னு அந்த சாரு அன்னிக்கே மைக்குல சொன்னாரு" என்றது. சிலர் சிரித்தார்கள். சிரிக்காதவர்களும் இருந்தார்கள். யார் யார் என்று வினோதினி முகம் முகமாகத் தேடினார். பச்சைப் புடவைக்காரி சிரிக்கவில்லை. அவள் பக்கத்தில் இருந்தவளும் சிரிக்கவில்லை. அதற்குப் பின்னால் ஒருத்தி சிரித்துக்கொண்டே இடது கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டோவில் மூன்று பேர்தான் உட்காரலாம். ஜலீல் என்ஜினை அணைத்தார்.

டாக்டர் வினோதினிக்கு வேறு எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை. யாருமே ஆசைப்பட்டுச் சொல்லிக்கொள்ள முடியாத ஒன்றைக் கேட்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

"சரி, அதை விடுங்க. யாருக்கெல்லாம் வலிக்குது?"

ஒரு கைகூட இறங்கவில்லை.